மாடிப்படி வைத்தியமும் அத்தையின் மூச்சும்

உலகத்தில் இருக்கிற மருத்துவக் கல்லூரிகள் அத்தனையையும் நாளைக்கே இழுத்துப் பூட்டிவிடலாம். ஒன்றும் குறைந்துபோகாது. என் அத்தையின் ஜெராக்ஸ் கடைக்கு முன்னால் இன்னும் ஒரு பெஞ்சு போட்டால் போதும். தலைவலியில் தொடங்கித் தலையெழுத்து வரைக்கும் எதைக் கொண்டுபோனாலும், ஒரு கையால் நகல் எடுத்துக்கொண்டே அத்தை மருந்து சொல்லிவிடுவாள். சூரியனே காய்ச்சல் என்று வந்து நின்றாலும், காப்பியை நிறுத்து, வெங்காயத்தை நிறுத்து, மூன்று மாதம் பொறு என்றுதான் திருப்பி அனுப்புவாள். அப்பேர்ப்பட்ட மேதையோடு ஒரே குளியலறைக்குச் சண்டை போட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பெருமை சில நாள் தாங்க முடியாமல் போய், சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்றிருக்கும்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், இரண்டு மெஷினைச் சமாளிக்கவே ஆயுள் போதவில்லை என்பாள். கடை பத்தடிக்கு எட்டடி. இடது பக்கம் பெரிய மெஷின், வலது பக்கம் சின்ன மெஷின், நடுவில் லேமினேஷன் போடுகிற சூட்டுப் பெட்டி. அத்தையின் விரல் நுனிகளில் எப்போதும் டோனர் மைக் கறுப்பு இருக்கும். கடைக்கு வெளியே மேலே ஏறுகிற மாடிப்படி. மாடியில் ஹோமியோபதி டாக்டர். அவருடைய கூட்டம் படி முழுக்க உட்கார்ந்து, வழிந்து, எங்கள் பெஞ்சு வரைக்கும் வந்து நிற்கும்.

நான் பத்தாவதில் கணக்கை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் கணக்கு என்னைத் தேறவிடவில்லை. மூன்றாம் முறை வரும்வரை வீட்டில் வாலாட்டாமல் இருக்கட்டும் என்று என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு வைத்த பெயரும் வாலுதான்.

அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளாக அது அடங்கித்தான் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டர் கொடுத்த இன்ஹேலரைக் காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று இழுப்பாள், வாய் கொப்பளிப்பாள், மெஷினைப் போடுவாள். பல் துலக்குவது மாதிரி ஒரு வேலை. அதைப் பற்றி யாரும் பேசினதுகூட இல்லை.

எல்லாம் கெட்டது ஒரு காகிதத்தால். மாடி டாக்டர் தன்னிடம் வருகிறவர்களுக்குக் கொடுக்க எட்டு விதிகள் கொண்ட தாள் ஒன்று வைத்திருந்தார். மாத்திரையைக் கையால் தொடாதே, மூடியில் கொட்டி வாயில் போடு. முன்னும் பின்னும் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாதே. காப்பி, வெங்காயம் தொடாதே. தைலம், வாசனைத் திரவியம் பக்கத்தில் வைக்காதே. இப்படி எட்டு. மூலத்தாள் எங்கள் கடையில், பெரிய மெஷினுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் இருக்கும். மாதம் இருநூறு நகல். ஒரே தாளை வருஷக்கணக்காகக் கண்ணாடியில் வைத்து எடுத்தால் யாருக்கும் அது மனப்பாடம் ஆகிவிடும். அத்தைக்கு மனப்பாடம் ஆனதோடு நிற்கவில்லை, நம்பிக்கையும் ஆகிவிட்டது. ஒருநாள் தானே மாடியேறிப் போய், சளிக்கு என்று சொல்லி ஒரு குட்டிக் கண்ணாடிக் குழாய் நிறைய வெள்ளை உருண்டைகளோடு இறங்கி வந்தாள்.

சளிக்குத் தின்றிருந்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? படியில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் விடவில்லை. டாக்டர் மேலே ஒருவரைப் பார்த்து முடிப்பதற்குள் கீழே இவர்கள் நாலு பேருக்கு வைத்தியம் பார்த்து முடித்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். ஐந்து வருஷமாக முழங்காலுக்கு மருந்து சாப்பிடுகிறார். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அவருக்கு மருந்தின் மேல் ஒரு குறையும் இல்லை. நோயின் வேரைத் தேடிக்கொண்டு போகிற மருந்தாம், வேர் ஆழமாக இருக்கிறதாம்.

அவர்தான் அத்தைக்கு மூன்று பாடம் சொன்னார். ஒன்று, இது எல்லாம் மூலிகை, பக்க விளைவே கிடையாது. இரண்டு, இங்கிலீஷ் மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் இது செத்துப்போகும். மூன்று, நோய் முதலில் கூடும், அப்புறம்தான் இறங்கும், கூடினால் சந்தோஷப்பட வேண்டும். மாடியிலிருந்து டாக்டர் இதில் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் படியில் சொன்னதெல்லாம் டாக்டர் சொன்ன கணக்கில்தான் சேரும்.

அன்றே அத்தை இன்ஹேலரை டிராயருக்குள் தூக்கிப் போட்டாள்.

நான் சும்மா இருப்பேனா? குழாயில் ஒட்டியிருந்த பெயரை போனில் தேடினேன். மூலிகையும் இல்லை, வேரும் இல்லை. எலிக்கு வைக்கிற விஷத்தின் பெயர் வந்தது. குதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அத்தை அசையவில்லை. மறுபடியும் உட்கார்ந்து படித்தேன். அந்த விஷத்தைத் தண்ணீரில் கலந்து, அதில் ஒரு சொட்டை எடுத்து மறுபடி கலந்து, அதிலும் ஒரு சொட்டை எடுத்து என்று போய்க்கொண்டே இருப்பார்களாம். முடிவில் தேடினாலும் ஒரு துளி அகப்படாதாம். மிஞ்சுவது சர்க்கரை உருண்டை. அதையும் போய்ச் சொன்னேன்.

அத்தை கண்ணாடியைத் துடைத்தபடி என்னைப் பார்த்தாள். "காலையில விஷம்னே. இப்ப ஒண்ணுமே இல்லைங்கறே. விஷம்னா பயப்படலாம். ஒண்ணுமே இல்லாததுக்கு ஏண்டி இப்படிக் குதிக்கறே?"

நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

வாதாடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூச்சு நன்றாக இருந்தால் மருந்து கேட்கிறது. மோசமானால் மருந்து வேலை செய்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் நீ காப்பி குடித்திருப்பாய். மூன்று பக்கமும் கதவு, மூன்று கதவுக்கும் சாவி அவள் கையில். கணக்கில் நான் தோற்றபோதுகூட எங்கே தோற்றேன் என்று தெரிந்தது. இதில் அதுவும் தெரியவில்லை.

வீடும் சேர்ந்து ஆட்டம் கண்டது. அம்மா வெங்காயம் போட்டு ஒரு சமையல், போடாமல் ஒரு சமையல் என்று இரண்டு பாத்திரம் கழுவினாள். அப்பாவுக்கு இடுப்பு வலி, வீட்டுக்குள் தைலம் தடவத் தடை. மொட்டை மாடிக்குப் போய்த் தடவிக்கொண்டு, வாசம் போகும்வரை தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் திருடன் மாதிரி உட்கார்ந்திருப்பார். இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டும் அத்தையின் மூச்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் படியேறும்போது. பிறகு பேப்பர் கட்டைத் தூக்கும்போது. பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே.

"கூடுதுல்ல? இனி இறங்கிடும்," என்றாள் அத்தை. முகத்தில் உண்மையாகவே சந்தோஷம்.

எனக்கு வந்த எரிச்சலில் ஒரு காரியம் செய்தேன். கடைக் கம்ப்யூட்டரில் அதே எழுத்தில், அதே அளவில் ஒரு வரி அடித்து, மெல்லிய துண்டாக வெட்டி, மூலத்தாளில் எட்டாம் விதிக்குக் கீழே ஒட்டிவிட்டேன். "9. மாத்திரை சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் இடது கால் செருப்பைக் கழற்றி வைக்கவும்." யாராவது படித்துச் சிரிப்பார்கள், என்ன இது பைத்தியக்காரத்தனம் என்று கேட்பார்கள், அந்தச் சூட்டில் மற்ற எட்டையும் ஒருவர் சந்தேகப்படுவார். இதுதான் என் திட்டம்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

நாலே நாளில் மாடிப்படி முழுக்க ஒற்றைச் செருப்பு. வலது காலில் செருப்பும் இடது கால் வெறுமையுமாகப் பெரிய பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். போஸ்ட்மாஸ்டர் அதற்கு விளக்கமும் கண்டுபிடித்துவிட்டார். இதயம் இருக்கிறது இடது பக்கம், உடம்புச் சூடு அந்தக் கால் வழியாகத் தரையில் இறங்கினால்தான் மருந்து மேலே ஏறுமாம். இத்தனை வருஷம் முழங்கால் ஏன் கேட்கவில்லை என்று இப்போதுதான் புரிந்ததாம். அதை எனக்கே சொன்னார். விதியைப் பெற்றவளுக்கே விதியைப் பாடம் எடுத்தார்.

அத்தை மட்டும் செருப்பைக் கழற்றவில்லை. கடைக்குள் எப்போதும் வெறுங்காலோடுதானே இருக்கிறாள், அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த மத்தியானம் வந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி முந்நூறு பக்க ஆராய்ச்சிப் புத்தகத்தை ஐந்து பிரதி கேட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். அத்தை நின்றபடியே எடுத்துக்கொண்டிருந்தாள். நூற்றுப்பத்தாம் பக்கமோ என்னமோ, மெஷின் ஓடுகிறது, அத்தையின் கை நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். தோள் இரண்டும் காது வரை ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. என்ன அத்தை என்றேன். ஒரு வார்த்தை வந்தது. அடுத்த வார்த்தைக்கு மூச்சு இல்லை.

டிராயரை இழுத்து இன்ஹேலரை எடுத்து வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். தட்டிவிட்டாள். அது பேப்பர் கட்டுக்கு நடுவில் போய் விழுந்தது.

"இப்ப... எடுத்தா..." மூச்சு. "மூணு மாசமும்..." மூச்சு. "வீணாப் போயிடும்டி."

மூன்று மாதம் வீணாகக் கூடாதாம். உயிர் போனால் பரவாயில்லையாம். அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா ஓடி வந்து கெஞ்சினாள், திட்டினாள், ஆட்டோ பிடிக்கிறேன் என்றாள். எதற்கும் மாட்டேன் என்ற தலையசைப்புதான். நான் ஒரு அட்டையை எடுத்து விசிறினேன். விசிறுவதால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கை நிற்கவில்லை. சாயங்காலம்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். மீதிப் பக்கங்களை நான் எடுத்து முடித்தேன். பக்கங்கள் கோணலாக வந்தன. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது, டோனராக இருக்கும்.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. அத்தை என் பேச்சைக் கேட்க மாட்டாள். அம்மா பேச்சைக் கேட்க மாட்டாள். போனில் வருகிறதையும் கேட்க மாட்டாள். கண்ணாடியில் வைத்து இருநூறு நகல் எடுக்கிற தாள் சொன்னால் மட்டும் கேட்பாள். சரி, தாளே சொல்லட்டும்.

அத்தை எழுவதற்குள் அடித்து, வெட்டி, ஒட்டினேன். "10. இழுப்பு உள்ளவர்கள் இன்ஹேலரை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இந்த மருந்து வேலை செய்யாது." இரண்டாவது வாக்கியம் பச்சைப் பொய். பொய்யைப் பொய்யால் அடிக்கிறோமே என்று கை கூசியது. ஆனால் அந்த வாக்கியம் இல்லாமல் முதல் வாக்கியத்தை யார் மதிக்கப்போகிறார்கள்?

மறுநாள் காலை அத்தை மூலத்தாளை எடுத்தாள். கண்ணாடியில் வைத்தாள். நூறு பிரதி. நான் ஸ்பைரல் கம்பியை முறுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவள் பிரதிகளைத் தட்டி அடுக்கினாள். பத்து மணி வாக்கில் அவற்றை எடுத்துக்கொண்டு, படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று மாடிக்குப் போனாள். எப்போதும் போல நகலைக் கொடுக்கத்தான் என்று நினைத்தேன். இறங்கிவர அரை மணி நேரம் ஆனது. சாயங்காலம் கடையை என்னிடம் விட்டுவிட்டு வெளியே போனவள் பெரிய ஆஸ்பத்திரிப் பையோடு வந்தாள். பழைய இன்ஹேலர் காலாவதியாகிவிட்டதாம். புதிதை உலுக்கினாள், மூச்சை வெளியே விட்டாள், இழுத்தாள், பத்து எண்ணுகிறவரை பிடித்தாள். வாய் கொப்பளிக்கப் போனாள். நான் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தேன். அந்தப் புத்தகத்தைப் பிறகு பிரிக்கவே முடியவில்லை, அவ்வளவு முறுக்கிவிட்டேன்.

ஒரு வாரத்தில் விசில் சத்தம் குறைந்தது. பத்தே நாளில் பேப்பர் கட்டைத் தானே தூக்கினாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? அதுதான் இல்லை.

போஸ்ட்மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து, இடது பாதத்தைத் தரையில் பதித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாத்தீங்களா, கூடி இறங்கிடுச்சு. நான் சொன்னேன்ல? மருந்துன்னா இது மருந்து."

தையல்காரர் மனைவி தன் பிள்ளைக்கும் அதே உருண்டை வேண்டும் என்று மாடியேறினாள். படி முழுக்க அத்தை பேச்சுதான். மூணு மாதத்தில் முப்பது வருஷ இழுப்பு போய்விட்டதாம். டிராயருக்குள் கிடக்கிற இன்ஹேலரைப் பற்றி ஒரு ஜீவன் பேசவில்லை. எனக்குத் தொண்டைவரை வந்தது. எழுந்து நின்று கத்த வேண்டும், அது நான் ஒட்டின துண்டு, வேலை செய்தது இன்ஹேலர், இந்த உருண்டை வெறும் சர்க்கரை என்று. ஆனால் கத்தினால் பத்தாம் விதி பொய் என்று தெரிந்துவிடும். பொய் என்று தெரிந்தால் இன்ஹேலர் மறுபடி டிராயரோடு சரி. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமாம் தாத்தா, நல்ல மருந்து தாத்தா என்று தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த குறும்புகளிலேயே, வெளியே சொல்லிக்கொள்ள முடியாத ஒரே குறும்பு இதுதான். அது போதாதென்று அத்தை வேறு தினமும் என் முகத்தைப் பார்த்துச் சொல்வாள், விதிப்படி நடந்தால் எப்படிக் கேட்கிறது பார் என்று. சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை. கூட்டம் இன்னும் வரவில்லை. அத்தை என்னைக் கூப்பிட்டு, மூலத்தாளைக் கண்ணாடியில் வைத்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி, கறுப்பை முழுசாகக் கூட்டி எடு என்றாள். எடுத்தேன். சூடாக வெளியே வந்தது. எட்டாம் விதி வரை வெள்ளையாக இருந்தது. ஒன்பதைச் சுற்றிலும் பத்தைச் சுற்றிலும் பென்சிலால் கட்டம் போட்ட மாதிரி மெல்லிய நிழல் கோடு. ஒட்டின துண்டின் விளிம்பு.

"இருபது வருஷமா அடுத்தவங்க ஒட்டின கோட்டை அழிச்சுக் குடுக்கறவ நான்," என்றாள் அத்தை. "எனக்கே ஒட்டறியா?"

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றேன்.

ஒன்பதை ஒட்டின அன்றைக்கே தெரியுமாம். படியில் ஒற்றைச் செருப்பைப் பார்த்து நான் கடைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததையும் பார்த்தாளாம். கேட்கிறவன் கேட்கட்டும் என்று விட்டுவிட்டாளாம். பத்தைப் பார்த்ததும்தான் கோபம் வந்து, என்னை மாட்டிவிடுவதற்காகவே நகலை எடுத்துக்கொண்டு மாடியேறியிருக்கிறாள். மாட்டிக்கொண்டது அவள்தான். டாக்டர் தாளைப் படித்துவிட்டு, இன்ஹேலரை நிறுத்தினீங்களா, எப்போ, யாரைக் கேட்டு என்று பிடித்துக்கொண்டாராம். சளி என்று வந்தவள் இழுப்பு என்று அவரிடம் வாயே திறக்கவில்லை. சொன்னால் மருந்து பலிக்காது என்று படியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அரை மணி நேரம் திட்டியிருக்கிறார். மூச்சு விஷயத்தில் விளையாடாதீர்கள், நெஞ்சு டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தக் கூடாது, இன்றைக்கே அவரிடம் போங்கள் என்று சொல்லி, ஒன்பதையும் பத்தின் இரண்டாவது வாக்கியத்தையும் அந்த நகலிலேயே பேனாவால் அடித்துக் கொடுத்தாராம். மிச்சத்தை முதல் விதியாகப் போடச் சொன்னாராம்.

"அப்போ பன்னெண்டு நாளா என்னைத் தலையாட்ட விட்டு வேடிக்கை பாத்தீங்களா?"

"பின்ன? நீ என்னை மூணு மாசம் பாத்தியே."

அப்படியானால் அந்த உருண்டை வேண்டாம்தானே என்றேன். சளிக்கு இருக்கட்டும் என்றாள். மறுபடி எனக்குக் குதிக்கத் தோன்றியது. சளிக்கும் அது சர்க்கரைதான், ஒன்றுமே இல்லை, ஒரு துளிகூட இல்லை என்று ஆரம்பித்தேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்ஹேலரை டிராயர்ல வாயைச் சுவத்துப் பக்கமா திருப்பி வைக்கறேன். தினம் மத்தியானம் பாத்தா வாசல் பக்கம் திரும்பிக் கிடக்கு. பின்னாடி மிச்சம் எத்தனைன்னு காட்டற நம்பரைப் பாத்துக் கணக்குப் போடறே. நான் இழுத்தேனா இல்லையான்னு."

நான் பேப்பர் கட்டைப் பிரிக்கப் போனேன். அது ஏற்கெனவே பிரித்துத்தான் இருந்தது.

"இன்னிக்கு இன்னும் பாக்கலைல்ல?" என்றாள் அத்தை, மெஷினைப் போட்டபடி. "எழுபத்தாறு இருக்கும். போய்ப் பாத்துட்டு வந்து, புதுத் தாளை ஒழுங்கா அடி."